எடுக்க வந்தவர்கள்

மூன்றாவது தேவாலயத்தை அவர்கள் அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கல்லறை எழுத்துகளைப் படமாக்குகிறவர்களுக்கு அதுவே உகந்த வேளை. உச்சிவெயிலில் கல்லோடு கல்லாகிவிடும் தேய்ந்த எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் தன் நிழலை ஊன்றி எழுந்து நிற்கும். அண்ணி கல்லூரியில் வரலாறு கற்பிப்பவள். நாட்டுப்புறத்துப் பழைய தேவாலயங்களைக் குறித்து நூலொன்று எழுதிக்கொண்டிருந்தாள். கொழுந்தனோ கல்யாணப் புகைப்படக்காரன். அண்ணன் சொல்லுக்காக ஒரு நாள் உடன் வந்தவன்.

"காலையிலேர்ந்து ஒருத்தராவது அசைஞ்சாங்களா அண்ணி? கல்யாண வீட்டுக்கு இப்படி ஆளுங்க கிடைக்க மாட்டேங்கிறாங்களே."

"வாயைக் கட்டு. சாவிக்காரர் வர்றார்."

தேவாலயத்தின் சாவியை வைத்திருந்தவர் ஒரு தச்சர். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவைத் திறக்குமுன் இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"ரோட்டு ஆபீஸ்லேர்ந்து வரலையே?"

"இல்லீங்கய்யா. புத்தகம் எழுதறேன், அதுக்குத்தான்."

சாலை அகலமாகப் போகிறதாம். மதிலோரத்து வரிசையை அகற்றிவிடுவார்கள் என்று பேச்சாம். அந்த வரிசையின் கடைசியில் அவருடைய மகள் இருந்தாள். "பத்தொன்பது வயசு. சிலுவையை நானே இழைச்சு நட்டேன். யாரையும் தொட விடமாட்டேன்," என்றவர், உடைந்த ஜன்னல் கதவைச் சரிசெய்யத் தேவாலயத்துக்குள் போனார்.

அவர்கள் மதிலோரத்திலிருந்து தொடங்கினார்கள். அண்ணி ஒவ்வொரு கல்லின் அடியிலும் எண் எழுதிய அட்டையை வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை எழுத்தின்மேல் சாய்த்துப் பிடித்தாள். அவன் படம் எடுத்தான். வரிசை முடிவில் மரச் சிலுவை நின்றது.

"இது மரம். நமக்குக் கல்லு மட்டும்தானே?"

"ஆமா, விடு," என்றாள் அவள், அடுத்த கல்லைப் பார்த்தபடி.

அப்போது அண்ணன் கைபேசியில் அழைத்தான். இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் கொழுந்தன் கத்த வேண்டியிருந்தது. "ஓரத்து வரிசையை எடுத்தாச்சுண்ணே. பொழுது சாயறதுக்குள்ள பாக்கியையும் எடுத்துட்டுக் கெளம்பிடுவோம். ஒரு கல்லைக்கூட விடமாட்டோம்."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. சற்றைக்கெல்லாம் இரும்புக் கதவு சாத்தப்படும் ஓசையும் பூட்டு விழும் ஓசையும் அடுத்தடுத்துக் கேட்டன. கம்பிகளுக்கு அப்பால் தச்சர் நின்றிருந்தார். சுத்தியல் இன்னும் கையிலிருந்தது.

"என்ன பூட்டுறீங்க?" கொழுந்தன் ஓடினான். "நாங்க எடுக்கத்தானே வந்தோம். எடுத்துட்டுப் போயிடறோம். அனுமதி இருக்கு."

"அனுமதி வேற இருக்கா. எடுங்க, பாக்கலாம். ஊர்க்காரங்களுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க."

மதிலின்மேல் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டிருந்தன. தொலைவில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது: நாள் முழுவதும் தாங்கள் புழங்கிய அந்த ஒற்றை வினைச்சொல், கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"ஐயா, எடுக்கிறதுன்னா போட்டோ எடுக்கிறது. கல்லைப் பேர்த்து எடுக்கிறது இல்லை."

"மாட்டிக்கிட்டதும் வார்த்தையை மாத்தறீங்களா?"

அவள் கேமராவைக் கொழுந்தனிடமிருந்து வாங்கிக் கம்பிகளுக்கிடையே நீட்டினாள். அவர் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முகம் இளகவில்லை.

"நம்பர் போட்டிருக்கீங்க. அவங்களும் இப்படித்தான் நம்பர் போட்டுட்டுப் போனாங்க." அவர் நிமிர்ந்தார். "இந்தப் படம் ரோட்டு ஆபீசுக்குப் போகுமா?"

சாலைக்கு அளந்த நிலம் என்பதால் சாலை அலுவலகத்திடமும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது; தந்தபோது அவர்கள் படங்களில் ஒரு பிரதி கேட்டிருந்தார்கள். அவள் யோசிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தாள்.

"ஒரு காப்பி கேட்டிருக்காங்க," என்றாள்.

"அண்ணி," என்று கொழுந்தன் பல்லைக் கடித்தான். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா குடியா முழுகிடும்?"

"அப்ப, படந்தான் இருக்கே, கல்லு எதுக்குன்னு சொல்லிடுவாங்க," என்றார் தச்சர். "நீங்க எடுக்கிறதும் அவங்க எடுக்கிறதும் ஒண்ணுதான்."

தான் காப்பதாக நம்பிய ஒன்றையே கலைப்பவர்களுக்கான ஆயத்த வேலையையும் தான் செய்துவந்திருக்கிறோம் என்பது, கூசச் செய்யும் தெளிவோடு அவளுக்கு விளங்கியது.

இரைச்சல் நெருங்கியது. அவர் கேமராவைக் கம்பிவழியே திருப்பித் தரவில்லை. "இதுல என் பொண்ணு இருக்காளா?"

"இல்லை. மரம்னு விட்டுட்டோம்."

"அவளை எடுக்கல?"

"எடுக்கல."

அவர் நெடுமூச்சு விட்டுச் சாவியைத் திருப்பினார். கதவு திறந்தது; கேமரா கைமாறியது. கொழுந்தன் பையை அள்ளித் தோளில் மாட்டிக்கொண்டான். "தலை தப்பினது தம்பிரான் புண்ணியம். கெளம்புங்க அண்ணி, வண்டிங்க பாலத்துகிட்ட வந்தாச்சு."

அவள் நகரவில்லை. இப்போது பேசாமல் போனால் போய்விடலாம். பேசினால் கதவு மறுபடி சாத்தப்படக்கூடும்.

"ஐயா, கல்லுல வெட்டின பேராவது நிக்கும். மரம் ஒரு ராத்திரி மழையில விழுந்துதுன்னு சொன்னா யார் கேப்பாங்க? எடுக்காம விட்டா, அங்க ஆளே இல்லைன்னு சொல்லிடுவாங்க."

"எடுத்தா கல்லு எதுக்குன்னுவாங்க. எடுக்காட்டி ஆளே இல்லைன்னுவாங்க. என்னதாம்மா பண்ணச் சொல்றீங்க?"

"தெரியலைங்க. நீங்க சொல்றபடி செய்யறேன். வேணாம்னா இந்த வரிசையையே அழிச்சுடறேன்."

மூன்று வண்டிகள் வாசலில் வந்து நின்றன. இறங்கியவர்கள் பேச வாயெடுக்குமுன் தச்சர் கையை உயர்த்தித் தடுத்தார். சுத்தியலைக் கதவோரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, கல்லறைகளுக்கிடையே நடந்து, மதிலோரத்துக் கடைசி மேட்டை அடைந்தார். பெயர் செதுக்கியிருந்த சிலுவையின் தோளை ஒரு கையால் இறுகப் பற்றினார்.

"எடுங்க. நானும் சேந்துதான் இருப்பேன். எடுக்கிறவன் என்னையும் சேத்து எடுக்கட்டும்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டுக் கேமராவை உயர்த்தினான். "ஐயா, பேரு மறையுது. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

"தள்ள மாட்டேன்," என்றார் அவர்.

"பேரை நான் கேட்டு எழுதிக்கிறேன். அப்படியே எடு, தம்பி," என்றாள் அண்ணி.