ஆர்டர் வரும்வரை ராக்

சரசு மேடம் ரிட்டயர் ஆகும் நாளுக்காக எங்கள் அலுவலகத்தில் என்னைவிட ஆவலாகக் காத்திருந்தவர் யாரும் இல்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். என் கன்சர்டினா அவருடைய பீரோவில் பூட்டிக் கிடந்தது.

கன்சர்டினா என்பது இரண்டு கைக்குள் அடங்கும் ஆறு மூலைப் பெட்டி. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். எங்கள் டிரைவர் திருமலை அதை முதன்முதலில் பார்த்துவிட்டு, "சுருதிப்பெட்டி குட்டி போட்டிருக்குதா?" என்று கேட்டார். ரமணாசிரமம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஹாலந்துக்காரியின் சொத்து அது. தியானம் செய்ய வந்தவளுக்குத் தியானம் கைகூடவில்லை. எனக்கு ராக் பாட்டு சொல்லிக்கொடுத்ததுதான் கைகூடியது. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை என்னிடமே விட்டுப் போனாள்.

அந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை உள்ளே தள்ளினால் ஒரு ஸ்வரம், வெளியே இழுத்தால் வேறு ஸ்வரம். காற்று தீர்ந்தால் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் நின்றுவிடும். மேடையில் கிடார்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். என் பெட்டி அதைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கும். இருந்தாலும் நான் வாசிப்பது ராக் பாட்டுதான். பக்திப் பாட்டு வாசிக்கக்கூடாதா என்று அம்மா கேட்காத நாளில்லை. மலையைச் சுற்றி எத்தனை ஒலிபெருக்கி பாடுகிறது, நான் ஒருத்தி குறைந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். நான் இளநிலை உதவியாளர். சாப்பாட்டு இடைவேளையில் ரெக்கார்ட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். போன மாதம் ஒருநாள் கண்காணிப்பாளர் சரசு மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"மனு கொடுக்க வந்தவங்க உள்ள ஆடு கட்டியிருக்கான்னு கேக்கறாங்க நந்தினி."

"ராக் மேடம் அது."

"எதுவா இருந்தாலும் சரி. நான் ரிட்டயர் ஆகுற அன்னிக்கு வாங்கிக்க."

பெட்டி பீரோவுக்குள் போனது. பச்சை மையா நீல மையா என்பதற்கே ஒரு பேப்பரைத் திருப்பி அனுப்புகிறவரிடம் என்ன வாதாட முடியும்? மனசுக்குள் திட்டிக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி நாள் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வெள்ளை வேட்டியில் மேடத்தின் வீட்டுக்காரர் இருசப்பன். கடலை விவசாயம், கடலை வயல் முழுக்கக் கேட்கிற குரல். கூடவே அவருடைய தங்கை ராணியம்மாள், கையில் மாலைப் பை. ஊர் பஸ் ஸ்டாண்டில் மேளம் தயாராக நிற்கிறது என்றும், மேடம் வண்டியை விட்டு இறங்கியதும் வீடுவரை அடித்துக்கொண்டே போவார்கள் என்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாலையும் தயார், சால்வையும் தயார், ஆர்டர்தான் வரவில்லை.

அரசாங்க வேலையில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. அறுபது வயது ஆகிவிட்டால் ரிட்டயர் ஆகிவிடலாம் என்று நினைப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஓய்வு பெற அனுமதிக்கிறோம் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஆர்டர் கையில் வரவேண்டும். அது வராமல் யாரும் மாலை போட மாட்டார்கள், போடவும் கூடாது. ஏனென்றால் கடைசி நாள் சாயங்காலம் அதற்குப் பதிலாக சஸ்பென்ஷன் ஆர்டர் வந்த கதைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அப்படி வந்துவிட்டால் கட்டிய மாலையோடு சொந்தபந்தம் வேனில் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி காலையிலேயே செங்கம் பக்கம் ஆய்வுக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. எங்கள் உதவியாளர் சுரேஷ்குமார் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பைக்கில் அவரைத் தேடிப் போயிருந்தார். அவரும் போன் எடுக்கவில்லை.

நான் என் காரியமாக மேடத்தின் அறைக்குப் போனேன். பீரோவைத் திறக்கச் சாவியை எடுத்தவர் அதைக் கீழே போட்டார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை நானே பூட்டைத் திறந்தேன்.

"பழைய ஆடிட் கேள்வி ஒண்ணு இருந்துச்சு நந்தினி. நான் பதில் எழுதி எப்பவோ மூடியாச்சு. என் மேல தப்பு எதுவும் இல்ல. ஆனா மூடின ஃபைல திறக்கறதுக்கு எவ்ளோ நேரமாவும்?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம்."

"காலையிலயே கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்ல? ஏன் போடல? எங்க வீட்டுக்காரரு கிட்ட நான் எதுவும் சொல்லல. ஊரையே கூட்டிட்டு வந்துட்டாரு மனுஷன்."

மேடம் மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. எத்தனையோ பேருடைய பென்ஷன் பேப்பரை ஒருநாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பிய அம்மாள் தன்னுடைய ஒரு பேப்பருக்காக இப்படித் தவித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தார். நானும் பெட்டியோடு பின்னாலேயே போனேன்.

அங்கே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாட்டு அலறிக்கொண்டிருக்கும்வரை யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது என்பது ஒரு சௌகரியம். மேடம் மேடையில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது, ஃபேன் நின்றது. அந்த அமைதியில் இருசப்பனின் குரல் எழுந்தது.

"இன்னா சரசு, எவ்ளோ நேரம் உக்காந்துனு இருக்கறது? ஆர்டர் வந்துச்சா இல்லியா?"

எல்லாத் தலையும் மேடத்தின் பக்கம் திரும்பியது. எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நந்தினி, எதனா வாசி."

ஆடு கத்துகிறது என்று பிடுங்கி வைத்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை. மேடை ஓரத்தில் ஏறி நின்று கைக்குப் பழகின பாட்டை ஆரம்பித்தேன். அது ஒரு மெதுவான ராக் பாட்டு, காதலி பிரிந்துபோன சோகம். நாலு வரி போவதற்குள் ராணியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டார்.

"யாருமா செத்தது?"

சட்டென்று வேகமான பாட்டுக்குத் தாவினேன். தள்ளு, தள்ளு, இழு, தள்ளு என்று துருத்தி துடிக்கிற பாட்டு. ஹாலந்துக்காரி இதற்குத் தலையை ஆட்டிக்கொண்டே குதிப்பாள். முதலில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. திருமலை டிரைவர்தான் காலித் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். கேன் சேர்ந்ததும் பாட்டுக்கு உயிர் வந்தது. வேனில் வந்த பெண்கள் கும்மிக்குத் தட்டுகிற மாதிரி கை தட்டினார்கள். பாட்டை எழுதிய வெள்ளைக்காரன் எங்கே தட்டச் சொன்னானோ அந்த இடம் தவிர எல்லா இடத்திலும் தட்டினார்கள். யார் வீட்டு ராக்காக இருந்தால் என்ன, நன்றாகத்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் இருசப்பன் வாயைத் திறந்தார்.

"ஆர்டரு..."

அடுத்த பாட்டை ஆரம்பித்தேன். இது பாப் பாட்டு, எங்கள் தெரு கஃபேயில் காலையும் மாலையும் ஓடும். அதுவும் முடிந்தது. மனுஷர் மறுபடி வாயைத் திறந்தார். எனக்குத் தெரிந்த வேகமான பாட்டு இந்த இரண்டும்தான். அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. பாட்டை முடித்தால்தானே கேட்பார், முடிக்காவிட்டால்? ராக்கின் வாலைப் பாப்பின் தலையில் கட்டினேன், பாப்பின் வாலை ராக்கின் தலையில் கட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தது. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுகிறவர்கள்கூட நடுவில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடிப்பார்கள், எனக்கு அதற்கும் வழியில்லை. பெட்டியில் கையைக் கோக்கிற பட்டை தோலை அறுத்தது. தோள் இற்றுப்போனது. வாசற்கதவைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். சுரேஷ்குமார் வரவில்லை.

இருசப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. கேள்வி கேட்க இடம் கிடைக்காதவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மேடையில் ஏறி என்னிடம் சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் ஆடினார். இரண்டு கையையும் தூக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊர்த் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடுகிற ஆட்டம். கூட்டம் விசில் அடித்தது. எங்கள் அலுவலகத்தில் விசில் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆடிக்கொண்டே மேடை ஏறி, மேடத்தின் நாற்காலி அருகில் போய்க் குனிந்து, ஆர்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது. மேடம் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இன்னும் வரல. வராமயே கூட போயிடலாம். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல."

இருசப்பனின் தூக்கிய கை அப்படியே நின்றது. என் விரல் தப்பிப் பக்கத்துப் பொத்தானில் விழுந்து பெட்டி ஆடு மாதிரியே கத்தியது. யாரும் கவனிக்கவில்லை.

"இதுக்குத்தான் காலைலேந்து சாப்பிடாம இருக்கியா?" என்றார் இருசப்பன். "வரலன்னா போவுது. நீ வீட்டுக்கு வருவ இல்ல? அது போதும். எந்திரி."

திரும்பி, ராணியம்மாளின் பையிலிருந்து பெரிய மாலையை உருவினார். "சார், ஆர்டர் வராம..." என்று எங்கள் ஆட்களில் யாரோ எழுந்தார். மேளத்துக்குச் சொல்லிவிட்டு வந்த மனுஷர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையை மனைவி கழுத்தில் போட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். சரசு மேடம், பச்சை மை சரசு மேடம், எழுந்து வந்தார். ஆடத் தெரியாது அவருக்கு. நின்ற இடத்திலேயே இரண்டு தோளையும் மாற்றி மாற்றி ஆட்டினார். அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். இரண்டு கையும் துருத்தியில் மாட்டிக்கொண்டதால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

சுரேஷ்குமார் அப்போதுதான் வந்தார். தலையிலிருந்து கால்வரை செங்கம் ரோட்டுப் புழுதி. கதவருகில் நின்று ஒரு கவரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மூச்சு வாங்கிக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஓய்வு ஆர்டர்தான், கையெழுத்தோடு. என் விரல்கள் தாமாகவே பொத்தான்களை விட்டு எழுந்தன.

மேடமும் கவரைப் பார்த்துவிட்டார். பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் கை காட்டினார்.

"அங்கியே இருங்க சுரேஷ். இந்தப் பாட்டு முடியட்டும்."

என்னைப் பார்த்து, "நீ ஏன் நிறுத்தற?" என்றார்.

பாட்டு அடுத்த வரியோடு முடிய வேண்டியது. நான் அதன் வாலைப் பிடித்து மறுபடியும் முதல் வரியில் கட்டினேன். சுரேஷ்குமார் கவரைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.