முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்

ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தரைவிரிப்பின் ஓரத்தைத் திருப்புளியால் நெம்பித் தூக்கினார் அமான். தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகக் கார்களைப் பழுது பார்ப்பவர். விரிப்பு புதியது, அதன் அடியில் இருந்த பஞ்சு புதியதன்று. அதை இரு விரல்களால் பிதுக்கியபோது கறுப்பாக ஏதோ கசிந்தது. வெறும் சேறாக இருந்தால் இந்நேரம் காய்ந்து உதிர்ந்திருக்கும். இது உதிரவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அமான் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, எழில்மொழியின் பக்கம் விரலை நீட்டினார்.

"எண்ணூர் வெள்ளம்மா இது. எண்ணெய் கலந்து வந்துச்சே, அந்தத் தண்ணி. வண்டி கழுத்து வரைக்கும் முழுகிக் கீது. ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள பச்ச பூத்துப் போச்சு. கியர் பொட்டிக்கு மூள மாரி ஒண்ணு கீது பாரு, அதுவும் காலி."

எழில்மொழி தலையை ஆட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தவரைப் போல அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அழுகை வரவில்லை; கோபமும் வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது. சரிசெய்து தர எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். கை வைத்தால் ஆதாரம் போய்விடும், இப்படியே விட்டுவிடு என்றார் அமான்.

வண்டியை வாங்கியவள் அவள்தான். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாயிலில் பதினேழு ஆண்டுகளாக எழுத்தர் வேலை. டிரெய்லர் வந்து நிற்கும். பெட்டியின் எண்ணையும் கதவில் தொங்கும் சீலின் எண்ணையும் தாளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். சீல் அறுபடாமல் இருந்தால் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே விடுவாள். பெட்டிக்குள் பஞ்சு இருக்கிறதா, பாறாங்கல் இருக்கிறதா என்பது அவளுடைய கவலை அன்று. திறந்து பார்ப்பது வாயிற்காரர்களுக்கு உரிய வேலையே அன்று. அப்படிப் பார்க்க நின்றால் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் வண்டிகள் நின்றுவிடும். பதினேழு ஆண்டுகளில் ஓர் எண்கூட அவள் கையில் தவறியதில்லை.

அதே கண்ணோடுதான் மணலி சாலையில் இருந்த அந்தப் பழைய கார் விற்பனையகத்துக்கும் போனாள். அடிச்சட்டத்து எண்ணை டார்ச் அடித்து, எழுத்து எழுத்தாகப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தின. விற்பனையகத்தின் உரிமையாளன் மதி, இப்படி நம்பர் பார்த்து வாங்கிய பெண்பிள்ளையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று மெச்சினான். அதில் அவளுக்குச் சிறிது பெருமையும் உண்டாயிற்று. பிறகு அவன் நீட்டிய தாளில் ஒப்பமிட்டாள். 'வண்டியைச் சொந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதித்து, உள்ளது உள்ளபடி, முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்.' அப்படி அச்சடித்த தாள்கள் அவன் மேசையில் ஒரு கட்டே இருந்தன. எந்த மெக்கானிக்கையும் அவள் அழைத்துப் போயிருக்கவில்லை. தினமும் எழுதுகிற வாசகத்தைப் போலவே அது இருந்தது; கை தானாகவே எழுதிவிட்டது.

கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி அது. கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். அவள் கணவன் ஜெயவேலுக்கு அந்த ஒன்றுதான் எஞ்சியிருந்தது. துறைமுகத்துக்கு இருபது ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவன். சர்க்கரை நோயில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, பதினான்கு மாதங்களாகக் கொருக்குப்பேட்டை வீட்டை விட்டு அவன் தானாக எங்கும் போனதில்லை. மருத்துவமனைக்குக்கூடப் பிறர் தூக்கி ஆட்டோவில் வைத்துத்தான் போக வேண்டும். அப்படித் தூக்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொள்வான். கார் வந்த அன்று ஊன்றுகோலைப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு, அவளைக் கூப்பிடாமலேயே காசிமேடு வரைக்கும் போய் மீன் வாங்கி வந்தான்.

பத்தொன்பதாம் நாள், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நட்ட நடுவில் வண்டி நின்றது. விளக்குகள் தாமாக எரிந்தன; ஹாரன் தானாக அலறியது; கியர் எதற்கும் அசையவில்லை. பின்னால் வந்த டிரெய்லரிலிருந்து இறங்கியவன் ஜெயவேலின் பழைய கூட்டாளி. "இன்னா மாமு, இருவது சக்கரம் ஓட்ன ஆளு நாலு சக்கரத்துல மாட்டிக்கினியே" என்று சிரித்தவன், ஜெயவேல் கதவைத் திறக்க முயன்றதும் சிரிப்பை விழுங்கிவிட்டு, "நீ குந்து நைனா, நாங்க தள்றோம்" என்றான். நான்கு பேர் தள்ளினார்கள். அன்றுமுதல் ஜெயவேல் மறுபடியும் வாசற்படியைத் தாண்டவில்லை.

அதன் பிறகுதான் அமானின் பட்டறை. அங்கிருந்து மதியிடம் போனாள். மதி குரலை உயர்த்தவே இல்லை. அவளுடைய கையெழுத்தைக் காட்டினான். அது அவளுடையதுதான், மறுக்க ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தெருவில் வழக்கறிஞராக இருக்கும் ரமாபாய்தான், அந்தத் தாளைப் படித்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நீ கையெழுத்து போட்டதால, அவனுக்குத் தெரிஞ்ச கொறைய மறைக்கலாம்னு ஆயிடாது எழிலு. வெள்ளத்துல முழுவுன வண்டின்னு சொல்லி விக்க வேண்டியது அவன் கடம. சொல்லல. கேக்கறதுக்கு உனக்கு உரிம கீது" என்றாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதினார்கள். பதிவுப் புத்தகத்தில் இருந்த முகவரியைப் பிடித்து, எண்ணூரில் முதல் உரிமையாளரையும் எழில்மொழி தேடிப் போனாள். வெள்ளத்தில் ஸ்டியரிங் மறைய நீர் நின்றதையும், தேறாது என்று காப்பீட்டுக்காரர்கள் முழுத் தொகையும் தந்து வண்டியை எடுத்துப் போனதையும் சொல்லி, அதற்குரிய கடிதத்தின் நகலை அவர் கொடுத்தார். "அது இன்னும் ஓடுதா?" என்று வியப்போடு கேட்டார். தேறாத சரக்கை ஏலத்தில் எடுத்து, மேலே புது விரிப்பைப் போட்டு விற்றிருக்கிறான் மதி. இதை வியாபாரம் என்று சொல்லிக்கொள்ள ஒருவனுக்கு நாக்கு கூசவில்லை. எழில்மொழி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைய பிற்பகல் முறை வேலைக்குப் போனாள்.

ஆணையத்தின் அறிவிப்பு மதிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு தேதிகளுக்கு அவன் வரவில்லை. மூன்றாவது தேதிக்கு முன்னால் அவனே தொலைபேசியில் அழைத்தான்: வாங்கிய தொகையை முழுவதுமாகத் தந்துவிடுகிறேன், வண்டியைத் திருப்பித் தந்துவிடுங்கள், சமாதானமாகப் போவோம் என்றான். இரவு சாப்பிடும்போது சொன்னாள். ஜெயவேல் பல நாள்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாங்கிக்கினு வா. பெரம்பூர்ல இன்னொரு ஆட்டோமேட்டிக் கீதாம். இந்தவாட்டி அமான் பாயக் கூட்டிக்கினு போலாம்."

மறுநாள் மதியின் மேசையில் பணம் ஓர் உறையில் தயாராக இருந்தது, தேநீரும் வந்தது. அவன் ஒரு தாளை நீட்டினான். இம்முறை அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். 'மேற்படி வண்டியில் வாங்கியபோதும் இப்போதும் எவ்விதக் குறையும் இல்லை. என் சொந்தக் காரணத்தினால் திருப்பி ஒப்படைக்கிறேன். வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்.' வெளியே, வரிசையாக நின்ற கார்களின் நடுவே ஒரு கணவனும் மனைவியும் கதவுகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வண்டிய இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுவேன், மால போட்டுக் கும்புடுவேனா? யாவாரம் மேடம். அது உங்களுக்கு இன்னாத்துக்கு? உங்க துட்டு உங்களாண்ட வந்துடுச்சில்ல?"

"மொத வரிய மட்டும் அடிச்சிட்டுக் குடுங்க. மீதிக்குப் போடறேன்."

"அத்த அடிச்சா இந்தப் பேப்பரே எனக்கு எதுக்கு?" என்றான் மதி. இதையெல்லாம் ஆணையம் தீர்ப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றான். "வூட்டுக்காரர் அதுவரைக்கும்..." என்று எதையோ தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பேனா அவள் விரல்களிடையேதான் இருந்தது. துணிச்சல் என்று எதையும் அவள் உணரவில்லை. பெரம்பூரில் நிற்கும் வண்டியை நினைத்தாள். ஜெயவேல் நிமிர்ந்து உட்கார்ந்ததை நினைத்தாள். இருந்தும் கை எழுதவில்லை. சற்று நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். தேநீரில் ஆடை படிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலைப் பிடித்துக் கொருக்குப்பேட்டையில் இறங்கி நடந்தாள். ஆணையம் அனுப்பும் வல்லுநர் வந்து பார்க்கும் வரை யாரும் தொடக்கூடாது என்பதால், வண்டியை அமானின் ஆட்கள் கட்டி இழுத்து வந்து, தெருக்கோடியில், தண்டவாளத்தை ஒட்டிய இடிந்த சுவரின் அருகே நிறுத்தியிருந்தார்கள். வண்டியின்மேல் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. உள்ளே, திரும்பப் பொருத்தியிருந்த ஓட்டுநர் இருக்கையில் ஜெயவேல் அமர்ந்திருந்தான். கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு வந்திருப்பான் போலும். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடல" என்றாள். "வண்டில எந்தக் கொறயும் இல்லன்னு ஒரு வரி. அத்த அடிக்க மாட்டன்னுட்டான்."

ஜெயவேல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அங்கே பார்த்தபடியே கேட்டான்.

"கொற இல்லன்னா, என்ன நடுரோட்ல தள்ளிக்கினு போனாங்களே, அது இன்னா?"

அடுத்த தேதி எப்போது என்று கேட்டான், சித்திரையில் என்றாள். அப்போது துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது. இடிந்த சுவருக்கு அப்பால் நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் போகத் தொடங்கின. நின்ற கார் மெல்ல முன்னோக்கி நகர்வதுபோல் இருந்தது. ஜெயவேலின் வலது கால் மிதியை அழுத்தியது. கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. எழில்மொழி இருக்கை வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள். கடைசிப் பெட்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.