கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்

"போச்சு!" என்றாள் கிளெண்டா. வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னாள். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். டேப்லெட் திரையில் அந்த வீடு அப்படியேதான் இருந்தது: கூரை வேய்ந்த வீடு, வாசலில் ரோஜாக்கொடி, இரண்டு படுக்கையறை, வேலிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கும் ஒரு காட்டுக் குதிரை. நேற்றுச் சாயங்காலம் வரை பச்சையாக இருந்த வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் இப்போது சாம்பல் நிறத்தில் கிடந்தன. யாரோ வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். பதினோரு நாள் அந்த வீடு ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

கப்பல் விஷயத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை. புதன்கிழமை நடைக் குழுவில் இரண்டு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து, கால்வாய்க் கரையில் ஒரே குடுவைத் தேநீரைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் கிளெண்டாவும் நெவிலும். நார்வே போகும் கப்பலைப் பற்றி யாரோ பேசப்போய், "போனா என்ன?" என்று அவள் கேட்க, "போகலாமே!" என்று அவர் சொல்ல, மறுநாளே தங்கள் ஊரான லீக்கின் கடைத்தெருவில் இருக்கும் பயண ஏற்பாட்டுக்காரியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "ரெண்டு தனி அறைதானே?" என்று அவள் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றார்கள். அவருக்கு ஐந்தாம் தளம், இவளுக்கு ஏழாம் தளம். வெளியே வந்த பிறகு ஏனோ இரண்டு பேரும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு நடந்தார்கள்.

நெவில் முப்பத்தாறு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை நான்கு மணிக்கு சவுத்தாம்ப்டனில் கிளம்பும் கப்பலைப் பிடிக்க அன்று காலையில்தான் வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. "வழியில லாரி ஒண்ணு கவுந்தா போதும், நம்ம பெட்டி மட்டும்தான் நார்வே போகும்" என்றார். பெட்டி எப்படி நம்மை விட்டுவிட்டுத் தனியாகப் போகும் என்று அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையே போய், துறைமுகத்துக்குப் பக்கத்தில் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் மூன்று ராத்திரி தங்குவது என்று முடிவானதில் அவளுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். அங்கே குதிரைகள் ரோட்டில் திரியுமாம். கார் ஓட்டுபவர்கள்தான் காத்திருக்க வேண்டுமாம். ஜூன் மாதம் என்பதால் குட்டிகளும் இருக்கும். கப்பலைவிட அதுதான் இப்போது அவள் கனவில் வந்தது.

வீடு பார்க்க ஆரம்பித்ததும்தான் வம்பு. ஒரு படுக்கையறையா, இரண்டா?

"உங்களுக்கு எது வசதி, நெவில்?"

"எனக்கு எதுனாலும் சரி. உங்களுக்கு எது தோதோ அதப் பாருங்க."

"ஐயோ, எனக்கு என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க."

"இல்ல இல்ல, நீங்கதான் சொல்லணும்."

ஒரு வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு பேரும் மாறி மாறி வழி விட்டார்கள். மூன்றாவதாக வந்த எவரோ விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

தனக்கு என்ன வேண்டும் என்பது கிளெண்டாவுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். அதுதான் பயமே. ராய் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கட்டிலின் நடுவில் படுக்கப் பழகவே அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. இப்போது அறுபத்தொன்பது வயதில் "ஒண்ணு போதும்" என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த மனிதர் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டால்? கோபப்படமாட்டார். மரியாதையாகத்தான் நகர்வார். அப்புறம் புதன்கிழமைகளில் வேறு யாரோடாவது மரியாதையாக நடப்பார். கப்பல் போனால் போகட்டும், புதன்கிழமை போய்விட்டால் என்ன செய்வாள்?

மகள் கெர்ரிக்கு போன் போட்டாள்.

"வீடு போச்சுடி."

"எந்த வீடு? ரெண்டு ரூம் வீடா? நல்லதாப் போச்சு!"

"என்னடி பேசற?"

"அம்மா, பதினோரு நாளா எனக்கு இதே கதைதான். ஒண்ணா ரெண்டா, ஒண்ணா ரெண்டா. பள்ளிக்கூடத்துல முன்னூறு பிள்ளைங்களுக்குச் சோறு போட்ட பொம்பள நீ. 'வாயத் தொற, தட்ட நீட்டு'ன்னு அதட்டுவ. ஒரு கிழவர்கிட்ட ஒரு வார்த்த கேக்க முடியல."

"அவர் ஒண்ணும் கிழவர் இல்ல. எழுபத்துமூணுதான்."

கெர்ரி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அப்பா இருந்தா என்ன சொல்லுவாருன்னு யோசிக்கிறியா?"

"உங்கப்பா இருந்தா நான் எதுக்குடி நெவில்கூடப் போறேன்?"

"அப்ப யோசிக்காத. வேற இடம் பாரு. திரையத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருக்காம யாருக்காவது போன் பண்ணிக் கேளு."

கேட்டாள். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். நாலாவதாக ஒரு பண்ணையில் போனை எடுத்தவள், பின்னால் கோழிகள் சண்டை போட, "கண்ணு, உனக்கு அதிர்ஷ்டம்தான்" என்றாள். பெயர் டாஃப்னி. வெள்ளி முதல் திங்கள் வரை எடுத்திருந்த ஒருவர் இப்போதுதான் வேண்டாம் என்று சொன்னாராம். வீடு இல்லை, குடில். அந்தக் காலத்தில் ஆடு குட்டி போடும் பருவத்தில் இடையர்கள் மேய்ச்சல் காட்டுக்கே இழுத்துக்கொண்டு போவார்களே, சக்கரம் வைத்த தகரக் குடில், அது. உள்ளே விறகு அடுப்பு, ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் புல்வெளி.

"கட்டில்?" என்றாள் கிளெண்டா.

"ஒரு கட்டில். நல்ல அகலமான கட்டில்தான். ரெண்டு பேருதானே?"

"ரெண்டு பேருதான்" என்றபோது கிளெண்டாவின் காது சுட்டது.

"மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் வச்சிருக்கேன். இன்னொரு ஜோடி கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீ முடிவு பண்ணிச் சொல்லு."

பதினொன்றேகாலுக்கு நெவில் வந்தார். மழைச்சட்டையை வாசலிலேயே உதறி மாட்டி, காலணியைக் கழற்றி, காலுறையோடு உள்ளே வந்து, சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். அதன் நான்கு மூலைக்கும் சர்க்கரை ஜாடி, பிஸ்கட் டப்பா, கெட்டில், அவள் கைப்பை. மேலே அவர் எழுதிய திட்டத் தாள். பென்சிலில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு. வெள்ளி: 7.40 புறப்பாடு. 9.55 தேநீர், கழிப்பறை. 1.10 சாப்பாடு. சனிக்கிழமைக்கு இரண்டு பத்தி: மழை இல்லாவிட்டால் காட்டுப் பாதை, மழை பெய்தால் பழைய தேவாலயமும் கேக் கடையும். ஒவ்வொரு நாளும் ராத்திரி 9.00 வரை வந்து அங்கே ஒரு சின்னக் கோடோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத் தாள், மறுநாள் காலை 8.15 வரை.

கிளெண்டா ஓட்ஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டு, சீஸ் துருவித் தூவி, பன்றி இறைச்சித் துண்டு வைத்து மடித்து அவர் தட்டில் போட்டாள். அவர் பாதி சாப்பிடும் வரை பொறுத்தாள்.

"வீடு போயிடுச்சு, நெவில்."

"அடடா!" அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. வருத்தமா, நிம்மதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "அது நல்ல வீடாச்சே. என் தப்புதான். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

"அதான்... உங்களுக்கு எது தோதோ..."

"நெவில்!" தட்டு கழுவும் துணியை மேசையில் போட்டாள். அது தேவாலயத்தின் மேலும் கேக் கடையின் மேலும் விழுந்தது. "ஒரு குடில் இருக்கு. சக்கரம் வச்ச குடில். சுத்திலும் புல்வெளி. பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணும். ஒரே ஒரு கட்டில்தான். எனக்குப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள். நெவில் தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை மெதுவாகச் சிவந்தார். அப்புறம் வாயைத் திறந்து கேட்டார்:

"கட்டிலுக்குப் பக்கத்துல பிளக் இருக்கா?"

கிளெண்டாவுக்கு ஒரு கணம் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பதினோரு நாள் வயிற்றில் வைத்திருந்ததை எடுத்து மேசையில் வைக்கிறாள், இந்த மனிதர் பிளக் இருக்கா என்கிறார். நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான். அவள் நினைத்தபடியே, மரியாதையாக.

"எதுக்கு, ரேடியோ கேக்கவா?" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காதபடி வந்தது.

"இல்ல. எனக்கு ஒரு மெஷின் இருக்கு." அவர் பென்சிலை எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்தப் பார்த்தார். அது விழுந்தது. "தூங்கறப்ப எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம். டாக்டர் குடுத்தது. மூக்குல ஒரு முகமூடி, அதுலேர்ந்து ஒரு குழாய். கரண்ட் இல்லாம ஓடாது. மாட்டிக்கிட்டா பாக்க சகிக்காது, கிளெண்டா. யானைக்கும் விமானம் ஓட்டறவனுக்கும் பொறந்த மாதிரி இருப்பேன். நர்ஸ் தவிர யாரும் பாத்ததில்ல. நான் ஒரு ரூம்னு சொல்லி, நீங்க சரின்னுட்டு, ராத்திரி லைட்டப் போட்டுப் பாத்து அலறிட்டீங்கன்னா?"

"அதனாலதான் பதினோரு நாளா எதுனாலும் சரி, எதுனாலும் சரின்னீங்களா?"

"எதுனாலும் சரி இல்ல" என்றார் நெவில். "ஒண்ணுதான் சரி."

கிளெண்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீரும் வந்தது. "அட மனுஷா! ராய் விட்ட குறட்டைக்கு ரெண்டு வீடு தள்ளி நாய் எந்திரிச்சுக் குரைக்கும். முப்பத்தெட்டு வருஷம் அதுக்குப் பக்கத்துலதான் தூங்கினேன். இப்ப சத்தமே இல்லாமத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல. உங்க மெஷின் சத்தம் போடுமா?"

"லேசா. கடல் மாதிரின்னு நர்ஸ் சொன்னா."

"நான் மட்டும் என்ன ரதியா? ரெண்டு ஜோடி காலுறை போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன். ஜூன் மாசமானாலும். பல்லுல மூணு, தம்ளர்ல தூங்கும்."

"எந்த மூணு?" என்று அவர் ஆர்வமாகக் கேட்டார். அவள் ஓட்ஸ் ரொட்டித் துண்டு ஒன்றை அவர் மேல் எறிந்தாள்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. பிளக்! அவள் டேப்லெட்டை இழுத்துக் குடிலின் விவரத்தைப் படித்தாள். வெயிலில் சார்ஜ் ஆகும் விளக்கு இரண்டு. விறகு அடுப்பு. மின் இணைப்பு இல்லை. அமைதியை அனுபவியுங்கள் என்று போட்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். இவ்வளவு தூரம் வந்து கரண்ட் இல்லாமல் நிற்கவா என்று கிளெண்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"டாஃப்னி, நான்தான் கிளெண்டா. எங்களுக்கு வேணும். ஆனா ஒரு பிளக் வேணும். அவருக்கு ராத்திரி மூச்சுக்கு மெஷின்."

"அந்த மூக்குக் குழாயா?" என்றாள் டாஃப்னி, மழை எப்போது நிற்கும் என்று கேட்பது போல. "எங்க வீட்டுக்காரருக்கும் அதுதான். அது மாட்டின பிறகுதான் எங்க குடும்பத்துல அமைதி. குடில்ல கரண்ட் இல்ல கண்ணு. பக்கத்துல ஆட்டுக்கொட்டகைல ஒரு பிளக் இருக்கு. ஆனா என்கிட்ட அவ்வளவு நீளத்துக்கு வயர் கிடையாது."

"என்கிட்ட இருக்கு!" நெவில் எழுந்தே விட்டார். "வேலிச்செடி வெட்டற மெஷினுக்கு வாங்கினது. உருளையில சுத்தினது. அம்பது மீட்டர். வெளியில மழையில போடறதுக்குன்னே உள்ளது."

"அம்பது எட்டுமான்னு தெரியலையே. இருங்க, நடந்து பாத்துடறேன். ஃபோன வச்சுடாதீங்க."

கதவு கிறீச்சிட்டது. கோழிகள் வழிவிட்டன. ரப்பர் பூட்ஸ் ஈரப் புல்லில் பதியும் சத்தம், பெரிய காற்று, நடுவே டாஃப்னியின் குரல். "கொட்டகை வாசல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"அவங்க உயரமானவங்களா?" என்று நெவில் கிசுகிசுத்தார். "ஒரு எட்டு வச்சா ஒரு மீட்டர் வருமா?"

"பேசாதீங்க."

"...பதினெட்டு... பத்தொம்பது... இங்க கொஞ்சம் சேறு... இருபது..."

லீக்கில் மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் போனுக்கு மேல் குனிந்தார்கள். அவர் நெற்றிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. அவர் முகச்சவர சோப்பின் வாசனை அவளுக்கு அடித்தது.

"...முப்பத்தாறு... முப்பத்தேழு... அட, நீ எங்கடா இங்க வந்து படுத்திருக்க?" பூட்ஸ் நின்றது. "ஒரு குட்டிக் குதிரை, வழியிலேயே நீட்டிப் படுத்திருக்கு. போன வாரம் பொறந்தது. அம்மாக்காரி மொறைக்கிறா. சுத்தித்தான் போகணும். எங்க விட்டேன்?"

"முப்பத்தேழு!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள்.

"முப்பத்தேழு. சரி. முப்பத்தெட்டு... நல்ல பொண்ணுல்ல நீ, நான் ஒண்ணும் பண்ணல... முப்பத்தொம்பது..."

தாய்க் குதிரை போனுக்கு மிக அருகில் வந்து ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது. அந்தச் சூடான காற்று தன் கன்னத்திலேயே பட்டது போல இருந்தது கிளெண்டாவுக்கு. நெவில் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாப்பது" என்றது போன். "குடிலோட படி இதோ தெரியுது. நாப்பத்தொண்ணு..."