சார்ஜரில் துடித்த நாடி

வெளிச்சம் தெரியாமல் போர்வைக்குள் போனைப் பிடித்திருக்கிறேன். திரையில் நூற்றுப் பதினெட்டு. அது என் நாடி இல்லை. அப்பாவுடையது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், என் வாட்ச் அவர் கையில். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இப்போதுதான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வாட்ச், அத்தை என் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. நடை, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் எண்ணி என் போனுக்கு அனுப்பிவிடும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் எனக்குக் கை அரிக்கும். அதனால் தூங்கப் போகுமுன் கூடத்து ஜன்னலோரம் சார்ஜில் போட்டுவிடுவேன். ஆகவே இரவில் போனில் எதுவும் பதிவாகக் கூடாது. போன வாரம் ஒரு காலையில் பார்த்தால், நடுராத்திரியில் கோடு மலை மாதிரி ஏறி நின்றது. நூற்று முப்பது. யார் கையிலும் இல்லாத வாட்சுக்கு ஏது நாடி?

அண்ணனிடம் காட்டினேன். பேய்க்கு ரத்தக் கொதிப்பு என்றான். அதோடு விட்டானா, வாட்சைக் கொண்டுபோய் டிஷ்யூ ரோலில் சுற்றிக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் எழுபத்தொன்று என்று காட்டியது.

"பாத்தியா, உன்னைவிட இது ஆரோக்கியமா இருக்கு. எதுல கட்டினாலும் எதையாவது உளறும். போய்ப் படி."

நானும் சிரித்துவிட்டு மறந்தேன். ஆனால் நேற்று வாட்சைக் கட்டும்போது பட்டையைக் கவனித்தேன். என் கை குச்சி, கடைசித் துளையில்தான் நிற்கும். அகலமான கைக்கான துளையில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், தைல வாசனை. வீட்டில் தைலம் பூசுகிறவர் அப்பா ஒருவர்தான். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அவருக்குத் தோள்வலி.

அப்பா பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பார்கள். காலை முதல் டிரிப்பில்தான் நானும் பள்ளிக்குப் போவேன், அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து. விடிவதற்குள் கிளம்ப வேண்டியவர் என்பதால் அவர் கூடத்தில் படுப்பார், நானும் அம்மாவும் உள்ளே.

அடுத்த வாரம் டிப்போவில் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் வண்டியைத் தொட விட மாட்டார்கள்.

இன்றிரவு தூங்காமல் காத்துக் கிடந்தேன். சார்ஜரைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து போனேன். அப்பா ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, வாட்ச் கட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எவ்வளவு நாளாப்பா?"

"சும்மா பாத்தேன் கண்ணு. நம்பர் வரும், அப்புறம் போயிடும்."

"போகாதுப்பா. எல்லாம் என் போன்ல இருக்கு."

அவருக்கு அது தெரியவே தெரியாது. சாவியை எடுத்தால் பஸ்ஸில் வேகம் காட்டும் முள் பொத்தென்று கீழே விழுந்துவிடும் இல்லையா, அதே மாதிரி கழற்றி வைத்தால் எண்ணும் அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ படபடவென்று ஓடுவது போல இருக்கிறதாம். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுமாம். உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"பகல்ல ஒண்ணும் இல்ல கண்ணு, ஒழுங்காத்தான் துடிக்குது. செக்கப் முடியட்டும், நானே போறேன். அதுவரைக்கும் அம்மா காதுல போட்டுடாத. அவ பயத்துலயே படுத்துடுவா."

தலையாட்டினேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியமா என்றேன். என் தலையைக் கோதிவிட்டு, போய்த் தூங்கு வாத்து என்றார். சின்ன வயதில் என் நடையைப் பார்த்து வைத்த பெயர் அது.

வந்து படுத்துவிட்டேன். போனில் மட்டும் அவர் துடிப்பு வந்துகொண்டே இருக்கிறது. நூற்று இருபத்தாறு. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஏறுகிற மாதிரி இருக்கிறது.

நேற்றுக் காலை பஸ்ஸில் நடந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பாலம் தாண்டியதும் வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நாய் குறுக்கே வந்தது என்று அப்பா திரும்பிச் சொன்னார். நிதானத்துக்கே நாய் தண்ணி காட்டிவிட்டதா என்று கண்டக்டர் மாமா கிண்டல் செய்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடி வழியே முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் நாய் இல்லை.

அப்படியென்றால் பகலிலும் வருகிறது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து குளித்து யூனிபார்ம் போடுவார். அதே சாலை, அதே பாலம். இப்போது சொன்னால் அவர் இனி ஸ்டியரிங்கையே தொட முடியாமல் போகலாம். என்னோடு பேசாமலும் போகலாம்.

நூற்று நாற்பத்திரண்டு.

அம்மாவின் தோளைத் தொடுகிறேன். புரண்டு படுக்கிறாள். இன்னொரு தரம் உலுக்குகிறேன்.

"என்னடி, விடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. எந்திரி. அப்பா இன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாது."

போனை அவள் கையில் வைக்கிறேன்.