தாவூதுக்குச் சீனி போடாத புரோகிராம்

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தாவூதுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் படிக்கும் ஆசை வந்தது. பக்கத்துக் கல்லூரியில் சனிக்கிழமைகளில் புரோகிராமிங் தொடக்க வகுப்பு நடந்தது. தனியாகப் போகக் கூச்சப்பட்டு மனைவி பல்கீஸையும் சேர்த்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அவளுக்குத்தான் ஆசை. நான் துணைக்குப் போறேன்லா" என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் பல்கீஸ் வெங்காயம் நறுக்கும்போதுகூட, "இப்படி இருந்தா இதச் செய், இல்லாட்டி அதச் செய்" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். தாவூதோ, ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்கெல்லாம் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் திட்டுவது பொறுக்காமல் நோட்டை மூடி வைத்தார்.

நான்காவது வாரம் ஆசிரியை கேரன் வீட்டுப்பாடம் கொடுத்தாள். சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். வகுப்பில் சிரிப்பாள், மதிப்பெண்ணில் சிரிக்கமாட்டாள்.

"உங்க வேலைக்கு உதவுற மாதிரி சின்னதா ஒண்ணு எழுதிட்டு வாங்க. சொந்தமா எழுதணும்."

வெள்ளிக்கிழமை பல்கீஸ் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் தாவூத் அவளுடைய லேப்டாப்பைத் திறந்தார். வருகிறவரின் பெயரையும், எத்தனை கரண்டி சீனி என்பதையும் கேட்டு, தேநீர் கலக்குகிறவருக்குக் குறிப்பு தரும் புரோகிராம் ஒன்று இருந்தது. அதை அப்படியே நகலெடுத்து, மேலே தம் பெயரைப் போட்டுக்கொண்டார். முழுதாகப் படித்துப் பார்க்கப் பொறுமையில்லை.

மறுநாள் கேரன் அதை வகுப்பின் பெரிய திரையில் ஓடவிட்டாள்.

"அண்ணே, உங்க பேரையே போடவா?"

"போடும்மா. சீனி மூணு கரண்டி."

திரையில் எழுத்து வந்தது: 'தே கோசோங். தாவூதுக்கு சீனி கிடையாது. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?'

வகுப்பே சிரித்தது. கேரன் ஒரு கரண்டி என்று மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே சீனியில்லாத தே கோசோங்தான்.

"அண்ணே, இத உண்மையில யார் எழுதினது?"

தாவூத் வாயைத் திறப்பதற்குள் பல்கீஸ் எழுந்தாள். "ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினோம் மிஸ்."

அவள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. "இல்ல மிஸ்" என்று அவரும் எழுந்தார். "அவ எழுதினது. நான் பாத்து அடிச்சேன். எனக்கு சீனி போடாதேன்னு நானே எழுதுவேனா?"

கேரன் பல்கீஸுக்கு முழு மதிப்பெண்ணும் அவருக்குப் பூஜ்யமும் போட்டாள். அடுத்த வாரம் புதிதாக எழுதி வரச் சொன்னாள்.

திரும்பும் வழியில், காரில் தாவூத் முறையிட்டார்.

"ஊரு முன்னால என் சீனி வியாதிய வெச்சுட்டியே, புள்ள."

"படிச்சுப் பாத்துட்டு காப்பி அடிச்சிருக்கலாம்லா, மச்சான்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுதும் தாவூத் பகல் கூட்டம் கலைந்ததும் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதினார். பல்கீஸ் எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைத்தார். 'நன்றி, மறுபடி வாங்க' என்று மூன்று முறை சொல்லிவிட்டு நிற்க வேண்டிய புரோகிராம்.

சனிக்கிழமை வகுப்பின் திரையில் அது ஓடத் தொடங்கியது. மூன்று வரி வந்தது. முப்பது வந்தது. திரை நிறைந்து வழிந்தும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது.

"எத்தன தடவ சொல்லியாச்சுன்னு எண்ண மறந்துட்டீங்க அண்ணே" என்று கேரன் நிறுத்தப் போனாள்.

"கொஞ்சம் ஓடட்டும் மிஸ்" என்றார் தாவூத். "நான் எழுதினது."