பொன்னியம்மாளுக்கு வந்த நாற்காலி

ஓரிக்கையில் வந்து பொன்னியம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்தப் பொன்னியம்மாள் என்று திருப்பிக் கேட்பார்கள். போஸ்ட்டம்மா என்று கேளுங்கள், கைக்குழந்தைகூட வழி காட்டும். இருபத்தேழு வருடமாக அந்த ஊருக்குத் தபால் கொடுக்கிறவள். வயது ஐம்பத்தேழு. வெயிலோ மழையோ, தினம் எட்டு கிலோமீட்டர் நடை. விலாசம் தப்பாக வந்த கடிதத்தைச் சும்மா திருப்பி அனுப்பியதே இல்லை. அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று நாலு வீட்டில் விசாரித்து, உறையின் மேல் புது விலாசம் எழுதி, ரீடைரக்ட் என்று போட்டு அனுப்பிவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அவள் பெற்ற பிள்ளையே சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்தான் என்றால் கோபம் வருமா, வராதா?

விஷயம் இதுதான். மகள் ஷாரோன் இத்தாலியில் பொலோன்யா என்கிற ஊரில் இரண்டு வருடமாகப் படிக்கிறாள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற படிப்பு. வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டம். பட்டம் வாங்குகிற பிள்ளையின் தலையில் இலையால் கட்டிய வளையம் ஒன்றை வேண்டியவர்கள் வைப்பது அந்த ஊர் வழக்கமாம். "என் தலையில நீதான்மா வைக்கணும்" என்று ஷாரோன் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு பொன்னியம்மாளை யார் தடுக்க முடியும்?

மகன் கமல் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா தனியாகத்தான் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் நடத்துகிற சிட்டிபாபுவிடம் டிக்கெட் போட்டான். டிக்கெட்டை வாங்கிக்கொள்ள இரண்டு பேரும் போயிருந்தார்கள்.

பொன்னியம்மாளுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் பெரிய எழுத்து அத்தனையும் தெரியும். உறை மேல் இருக்கிற பெயரையும் ஊரையும் எழுத்துக் கூட்டிப் படித்தே காலம் தள்ளியவள். டிக்கெட் காகிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தாள். புறப்படுகிற ஊர் இருந்தது. போய்ச் சேருகிற ஊர் இருந்தது. தன் பெயர் ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் டபிள்யூ, சி, எச், ஆர் என்று நாலு எழுத்து தனியாக நின்றது.

"சிட்டிபாபு, இது இன்னாப்பா நாலு எழுத்து? என் பேர்ல இது இல்லியே."

சிட்டிபாபு கமலைப் பார்த்தான். கமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"அது ஒண்ணுமில்லக்கா, வீல்சேர். பிளேன் வாசல்ல வண்டியோட ஒரு ஆள் நிப்பான். நீங்க உக்காந்தா போதும், தள்ளிக்கினு போயி வெளிய விட்டுருவான். பசங்களப் பாக்க வெளிநாடு போற அம்மாங்க எல்லாருக்கும் இப்படித்தான் போடறேன்."

"எனக்குக் காலு வெளங்கலன்னு எவன் சொன்னது?"

"காலுக்காகப் போடறது இல்லக்கா. இங்கிலீஷுக்காகப் போடறது."

"இங்கிலீஷ் வராதது நாக்குக்குடா! நாக்குக்கு வண்டி வைக்காம காலுக்கு ஏன் வைக்கிறே?"

கமல்தான் பேசினான்.

"ம்மா, சொல்றதக் கேளு. துபாய்ல இறங்கி வேற பிளேன் மாறணும். அந்த ஏர்போர்ட்டு நம்ம காஞ்சிபுரத்த விடப் பெருசு. நீ வழி தெரியாம எங்கியாவது சுத்திக்கினு இருந்தா பிளேன் போயிடும். வெள்ளிக்கிழம ஷாரோன் அங்க வாசலப் பாத்துக்கினு நிப்பா. அந்த நாள் போனா வருமா?"

அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார மட்டும் அவளால் முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் டேனியல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். நடக்கத் தெம்பு இல்லை, வீறாப்பு மட்டும் குறையவில்லை. ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போக நாற்காலி கொண்டுவந்தால், "நான் இன்னா நொண்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். பொன்னியம்மாள் அவன் தோளில் கை வைத்து, "உக்காரு. நான் கூடவே நடந்து வரேன்" என்பாள். அப்படிச் சொன்னால்தான் உட்காருவான். ஒரு மாதம் அப்படி நடந்தாள். ஒருநாள் அந்த நாற்காலி காலியாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்த கண்ணால் இன்னொரு நாற்காலியில் எப்படி உட்காருவது? இதை அவள் கமலிடம் சொன்னதில்லை. சிட்டிபாபு கடையில் நின்றுகொண்டு சொல்கிற சமாசாரமா அது?

"கமலு, இங்க பாரு" என்று காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். "இது ஊரு, இது டைமு, இது பிளேன் நம்பரு. ஓரிக்கையில ஒரே தெருவுல நாலு ராமலிங்கம் இருக்கறான். இருபத்தேழு வருஷத்துல ஒருத்தன் லெட்டர இன்னொருத்தனுக்குக் குடுத்திருக்கேனா? கதவு நம்பர் பாத்துப் போறதுதாண்டா என் பொழப்பு. அந்த நாலு எழுத்த அடிச்சுடு."

கமல் சரி என்று தலையாட்டினான். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிற பிள்ளை இல்லை அவன். பொன்னியம்மாள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தபாலில் வந்த தன் பாஸ்போர்ட்டைத் தானே தபால் பையிலிருந்து எடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று தானே கையெழுத்துப் போட்டு, தானே தனக்குக் கொடுத்துக்கொண்டவள் அவள். அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கமல் வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஒரு பெண் நாற்காலியோடு நின்று, "பொன்னியம்மாள்? பொன்னியம்மாள் யாரும்மா?" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

அடப்பாவி மகனே!

"அந்தம்மா பின்னாடி வராங்க" என்று சொல்லிவிட்டு பொன்னியம்மாள் கை வீசி நடந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு பொய்யை அவள் சொன்னதில்லை.

துபாயில் பிளேன் வாசலில் மறுபடி ஒரு நாற்காலி. மறுபடி அவள் பெயர் எழுதிய அட்டை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்தாள். அதற்கப்புறம் வந்தது பாருங்கள், முடிவே இல்லாத அந்தக் கட்டடம்! ஐந்து நிமிடம் தூணோரமாக நின்றாள். பிறகு எதிரே இருந்த கதவுகளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலைக்கு மேலே நம்பர் எழுதியிருந்தது. ஒன்று, மூன்று, ஐந்து ஒரு பக்கம். இரண்டு, நான்கு, ஆறு எதிர்ப் பக்கம். அட, நம்ம தெரு மாதிரிதான்! சந்தேகம் வந்த இடத்தில் யூனிஃபார்ம் போட்டவர்களிடம் காகிதத்தை நீட்டினாள், அவர்கள் கதவு நம்பரை எழுதிக் கொடுத்துக் கை காட்டினார்கள். பிளேன் ஏற ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே தன் கதவுக்கு எதிரே போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

பொலோன்யா பிளேனில் பக்கத்துச் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா. எண்பது வயது இருக்கும். காதில் சின்ன முத்துத் தோடு, கையில் தடி. ஆறு மணி நேரத்தில் அவள் வலது கால் வீங்கி, கழற்றிய செருப்பு திரும்ப ஏறவில்லை. பிளேன் இறங்கப்போகிற நேரத்தில் பணிப்பெண் குனிந்து எதையோ கேட்டாள். பாட்டியம்மா வெடுக்கென்று தலையாட்டி வேண்டாம் என்றாள். என்ன கேட்டாள், என்ன மறுத்தாள் என்று பொன்னியம்மாளுக்குப் பாஷை தெரியாமலே புரிந்தது. இதுவும் நம்ம ரகம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கியதும் பார்த்தால், கதவுக்கு வெளியே மூன்றாவது நாற்காலி. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். PONNIYAMMAL. விடமாட்டான் போலிருக்கிறதே என் பிள்ளை! இந்த முறையும் நழுவிப் போயிருப்பாள். ஆனால் பின்னால் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. பாட்டியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக, உதட்டைக் கடித்தபடி ஒவ்வொரு அடியாக வந்தாள். இரண்டு அடிக்கு ஒருமுறை நின்றாள்.

பொன்னியம்மாள் மீசைக்காரரிடம் போனாள். அட்டையைத் தொட்டாள், தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு நாற்காலியைக் காட்டி, பாட்டியம்மாவைக் காட்டினாள். மீசைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பாட்டியம்மாதான் மசியவில்லை. கையை ஆட்டி மறுத்தாள், முகம் சிவந்தது, தடியைத் தரையில் ஊன்றிக்காட்டினாள். டேனியல் செய்த அதே கூத்து. பொன்னியம்மாள் குனிந்தாள். அவள் தோளில் கை வைத்தாள்.

"உக்காரும்மா. நான் கூடவே நடந்து வரேன்."

தமிழில்தான் சொன்னாள். அவளுக்கு வேறு என்ன தெரியும்? பாட்டியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். மீசைக்காரர் நாற்காலியைத் தள்ள, கைப்பிடியில் ஒரு கை வைத்தபடி பொன்னியம்மாள் பக்கத்தில் நடந்தாள். ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்த கனம் அந்த நடையில் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொலோன்யா ஏர்போர்ட் அப்படியொன்றும் பெரிதில்லை. நம்ம காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைக் கழுவித் துடைத்து, மேலே கூரையும் ஏசியும் போட்ட மாதிரி. இதற்கா என் பிள்ளை இவ்வளவு பயந்தான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி வரிசை. அவள் அங்கே பிரிந்துபோய் நின்றாள். ஷாரோன் அனுப்பிய காலேஜ் கடிதத்தை நீட்டினாள். அதிகாரி படித்துவிட்டு டப்பென்று முத்திரை குத்தினார். காலமெல்லாம் கேட்டுப் பழகிய சத்தம் அது. கண்ணாடிக் கதவைத் தாண்டினால் நாற்காலி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மீசைக்காரரை ஓர் அடி நகரவிடாமல் பாட்டியம்மா தடியைக் குறுக்கே நீட்டி வைத்திருந்தாள்.

வெளியே ஷாரோன் நின்றாள். கமல் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவள் கண் நாற்காலியைத்தான் தேடியது. நாற்காலி வந்தது. அதன் கைப்பிடியில் அம்மாவின் பெயர் அட்டை. அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. ஷாரோன் ஓடி வந்து மீசைக்காரரை மறித்தாள்.

"அம்மா எங்க? எங்கம்மா எங்க?"

"இங்கதாண்டி இருக்கறேன்!" கூட்டத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் பெட்டியை உருட்டிக்கொண்டு பொன்னியம்மாள் வந்தாள்.

கட்டிப்பிடித்து அழுது, மூக்கைச் சிந்தி, பாட்டியம்மா இரண்டு பேர் கன்னத்திலும் முத்தம் கொடுத்துத் தன் ஆட்களோடு போன பிறகு, ஷாரோன் போனில் கமலைக் கூப்பிட்டாள். கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தான். திரையில் அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"ம்மா, சேந்துட்டியா? திட்டாத, மன்னிச்சுடு. பயத்துலதான் அந்த நாற்காலிய விட்டு வெச்சேன். வந்துச்சா?"

"வந்துச்சுப்பா" என்றாள் பொன்னியம்மாள். "விலாசம்தான் தப்பு. ரீடைரக்ட் பண்ணிட்டேன். சேர வேண்டியவங்களுக்குப் போயிச் சேந்துடுச்சு."