கள்ளமில்லை

சந்திரவல்லி டீச்சரின் மல்யுத்த அணியில் சேர வரும் பெண்ணுக்கு உடம்பில் வலு இருக்கிறதா என்று முதலில் யாரும் பார்ப்பதில்லை. நகம் வெட்டியிருக்கிறதா என்றுதான் டீச்சர் பார்ப்பார். பிறகு காதில் கம்மல், தலையில் ஊசி, கையில் கயிறு. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மெத்தை விரிப்பான மேட்டில் வந்து உட்கார்ந்தால், அப்புறம் விதிகள் வரும். விழுந்தவளைக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தோற்றவள் ஜெயித்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது, உடம்பைப் புழுங்க வைத்து வியர்வை எடுக்கக் கூடாது. செய்தால் அந்த வருடம் அணியில் இடமில்லை. முன்பு ஒரு பெண் தேனியில் மாவட்டப் போட்டிக்கு எடை பார்க்கும் வரிசையிலேயே சுருண்டு விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் டீச்சர்தான். அதனால் இந்த விதியில் மட்டும் அவரிடம் பேச்சுக்கு இடம் கிடையாது.

கடைசி விதி ஒரு சொல். மோதுவதற்கு முன்பும், மோதி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகும், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு "கள்ளமில்லை" என்று சொல்ல வேண்டும்.

"கள்ளம்னா என்ன டீச்சர்?" என்று சேர்ந்த புதிதில் அபிஷா கேட்டாள்.

"உங்கம்மா மலைக்கு வேலைக்குப் போறாள்ல. அங்க மலையாளத்துக்காரங்ககிட்டக் கேட்டா பொய்யினு சொல்வாங்க. கீழ நம்ம ஊருல கேட்டா திருட்டுத்தனம்னு சொல்வாங்க. ரெண்டும் கூடாது."

"சிலமலையில கேட்டா என்ன சொல்வாங்க டீச்சர்?" என்றாள் மகாராணி. அவள் ஊர் சிலமலை.

"முதல்ல நகத்தை வெட்டுடின்னு சொல்வாங்க."

ரூபினா அன்று சிரித்த சிரிப்பில் அபிஷாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். அந்தத் தோள் அப்புறம் இரண்டு வருடம் அவளுக்குச் சொந்தம் போல ஆகிவிட்டது. ரூபினா ஐம்பது கிலோ. அபிஷா ஐம்பத்து மூன்று. ஒரு எடைக்குப் பள்ளிக்கு ஒருத்திதான் போக முடியும். ஐம்பத்து மூன்றில் மகாராணி இருந்தாள். அவளை அபிஷாவால் ஒரு முறைகூடச் சாய்க்க முடியவில்லை. ஆகவே போட்டிக்கு ரூபினா போவாள், அவளைத் தயார் செய்ய அபிஷா தோளைக் கொடுப்பாள். அபிஷாவுக்கு அதில் வருத்தம் உண்டா என்று ரூபினா கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருடம் விஷயம் பெரிது. மாநிலப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்குச் சென்னை விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே.

"ஜெயிக்கணும்டி. ஆனா ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன்," என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது ரூபினா அபிஷாவிடம் சொல்லியிருந்தாள். "அத்தா ஒத்தையில என்ன செய்வாரு? தோசைக்கல்லு எங்க இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது."

"அவருகிட்டச் சொல்லிட்டியா?"

"ஜெயிச்சிட்டு வந்து சொல்றேன். இப்பச் சொன்னா, பெறகு எதுக்கு உருண்டு பெரள்றேம்பாரு. நீயும் சொல்லிராத."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் அபிஷா.

ரூபினாவின் அத்தா சவுகத் அலிக்குப் போடிமெட்டுக்கு மேலே சின்னதாக ஒரு ஏலக்காய்த் தோட்டமும், காய் உலர்த்த ஒரு ஸ்டோரும் இருந்தன. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். வியாழக்கிழமை மாலையில் வீட்டில் சாம்பிராணி போடுவது அம்மாவின் வழக்கம். அவள் போன பிறகு சவுகத் அலி அதை வீட்டில் செய்யவில்லை. ஸ்டோரில், அனலில் காய் வேகும் உலர் அறைக்குள் செய்தார். உலகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. "மொதலாளி காயி தர்காவுக்குப் போயிட்டு வந்த காயி," என்று அங்கே வேலைக்கு வரும் பெண்கள், அபிஷாவின் அம்மா ஜெயபாக்கியமும் சேர்ந்து, கேலி செய்வார்கள். காயில் அந்த வாசம் ஏறாது, சுவரில்தான் நிற்கும் என்று அவர் சொல்வார். ஏன் அங்கே போடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மகள் மல்யுத்தம் ஆடுவதை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. பள்ளியில் நடக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் வந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்.

அணித் தேர்வு சனிக்கிழமை காலை. அபிஷா வியாழனும் வெள்ளியும் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, உதட்டில் வெடிப்பு. நேராகப் போய் எடை மெஷினில் ஏறி நின்றாள். மெஷின் ஐம்பதைக் காட்டியது.

மகாராணி எட்டிப் பார்த்தாள். "மெஷினுக்கும் காய்ச்சலா?"

"டீச்சர், நான் அம்பதுல நிக்கிறேன்," என்றாள் அபிஷா.

ரூபினாவுக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கியபோதும் கோபம் வரவில்லை. ஆசையாக இருக்கும், நின்று பார்க்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

டீச்சர் அபிஷாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "பட்டினி கெடந்தியா? வேர்க்க வச்சியா?"

"இல்ல டீச்சர். காய்ச்சல்ல எளைச்சிட்டேன்."

டீச்சர் ரூபினாவிடம் திரும்பினார். "இது உன் எடை. நீ சொல்லு. சந்தேகம்னா இந்தத் தேர்வு நடக்காது."

"அவ பொய் சொல்ல மாட்டா டீச்சர்," என்றாள் ரூபினா.

கையைப் பிடித்தார்கள். அபிஷாவின் கை அனலாக இருந்தது. "கள்ளமில்லை." "கள்ளமில்லை." விசில் ஊதியது.

ரூபினாவுக்கு அபிஷாவின் ஆட்டம் மனப்பாடம். வலது காலைத்தான் முதலில் தேடுவாள். தேடினாள். ரூபினா விலகி, அவளைச் சுற்றிப் பின்னால் போய்ப் புள்ளி எடுத்தாள். அபிஷாவுக்கு மூச்சு இரைத்தது. இன்னும் இரண்டு பிடி, முடிந்துவிடும். இருவரும் மறுபடி நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். ரூபினா அவள் பிடரியில் கை போட்டுத் தலையைத் தன் தோளுக்கு இழுத்தாள். மூக்கு அவள் கூந்தலுக்குள் போனது.

போடியில் ஏலக்காய் வாசத்துக்கு யாரும் மூக்கைத் தூக்குவதில்லை. பஸ்சில், பணத்தில், பள்ளிப் பையில் எல்லாம் அது இருக்கும். ஆனால் இது காய்ந்த காயின் வாசமில்லை. பச்சைக் காய் அனலில் வேகும் வாசம். உலர் அறைக்குள் வெகுநேரம் இருந்தவர்களின் மயிரில் மட்டும் ஏறுவது. அதற்குள்ளே, அடியில், சாம்பிராணி.

ரூபினாவின் கை தளர்ந்தது. அவள் தளர்த்தவில்லை. தானாகத் தளர்ந்தது. அபிஷா குனிந்து இரண்டு காலையும் வாரினாள். முதுகு மேட்டில் பட்டது. ரூபினா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எழ முயலவேயில்லை. விசில் ஊதியது.

அபிஷா கை கொடுத்தாள். தூக்கிவிட முடியாமல் அவளே தள்ளாடினாள். "தண்ணி," என்றாள்.

தோற்றவள்தான் கொண்டுவர வேண்டும். ரூபினா சொம்பை எடுத்துக்கொண்டு குழாய்க்கு நடந்தாள். குழாய், அத்தா உட்கார்ந்திருந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில்.

சவுகத் அலி எழுந்து வந்தார். "விடு ஆத்தா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அத்தா, வியாழக்கெழம நம்ம ஸ்டோருல யாரு இருந்தா?"

அவர் குழாயைப் பார்த்தார். சொம்பு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "ஜெயபாக்கியம் மகளுக்குக் குளிரு காய்ச்சல்னு..."

"காய்ச்சல்காரிய உலர் அறையில வைப்பீங்களா?"

"அவங்கம்மா வாசல்லயேதான் இருந்தா. ரெண்டு நாளும். கதவை மூடக்கூட இல்ல."

"அவங்க வந்து கேட்டாங்களா? நீங்க கூப்பிட்டீங்களா?"

அவர் குழாயை மூடினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போகாதன்னு என் வாயால சொல்ல முடியல ஆத்தா. நீ ஜெயிச்சா மெட்ராசுக்குப் போயிருவ. தோத்தா யாரும் தடுத்த மாதிரி இருக்காது. நீயும் என்னைய வெறுக்க மாட்ட. அப்படித்தான் நெனச்சேன்."

கோபமாகப் பேசியிருந்தால் அவளும் பேசியிருப்பாள். அவர் வெயிலில் நின்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். ரூபினா சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அபிஷா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"நான் ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன்னு உனக்குத் தெரியும்," என்றாள் ரூபினா மெதுவாக. "அத்தாகிட்ட அதச் சொல்லியிருக்கலாம்ல."

அபிஷா தலையைத் தூக்கவில்லை. "சொல்லியிருந்தா அவரு ஸ்டோரு கதவைத் தெறந்திருக்க மாட்டாரு."

"நான்தான சொல்ல வேணாம்னேன். ரகசியத்த நல்லாக் காப்பாத்துன."

"ரெண்டு வருசம் உனக்குத் தோள் குடுத்தேன்டி. ஒரு தடவ உனக்குப் பதிலா நான் போட்டிக்கு பஸ்சு ஏறிட்டு வர்றேனேன்னு இருந்துச்சு. நீ ஒரு தடவயாவது கேட்டியா?"

ரூபினா காலிச் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"வெரசா வாங்க," என்று டீச்சர் கூப்பிட்டார். "கையைப் பிடிங்க. அடுத்த எடைக்காரங்க நிக்கிறாங்க."

மேட்டின் நடுவில் போய் நின்றார்கள். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அபிஷா கையை நீட்டினாள். இப்போது கை குளிர்ந்திருந்தது.

"கள்ளமில்லை," என்றாள் அபிஷா.

ரூபினா சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அபிஷா தேனிக்கு மாவட்டப் போட்டிக்குப் போவாள். அத்தா ராத்திரி ரூபினாவுக்குப் பிடித்த பரோட்டா வாங்கி வருவார். இருவரும் சந்தோசமாக இருப்பார்கள், அவளும் இருப்பது போல இருக்கலாம்.

"ரூபினா," என்றார் டீச்சர்.

"கள்ளம் இருக்கு டீச்சர்."

சுற்றி இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக் கள்ளம். எங்க ஸ்டோரு உலர் அறையில ரெண்டு நாளு இவள வேர்க்க வச்சிருக்காங்க."

டீச்சர் அபிஷாவைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. "அவங்க அத்தாதான் டீச்சர் வரச் சொன்னாரு," என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கக் கொடுத்தார். நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வருசம் நீ அணியில இல்ல. ரூபினா, அம்பதுல நீதான் போற."

ரூபினாவுக்கு ஜெயித்தது போல இல்லை. தோற்றது போலவும் இல்லை. மேட்டில் அவள் முதுகின் ஈரம் இன்னும் காயவில்லை.

"டீச்சர், மாநிலத்துல ஜெயிச்சா ஹாஸ்டல்ல எப்பச் சேரணும்?"

கொஞ்சம் உரக்கவே கேட்டாள். வேப்பமரத்தடியில் சவுகத் அலி பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார்.

"ஜூன்ல," என்றார் டீச்சர். "போறியா?"

"போறேன் டீச்சர்."

வீட்டுக்கு அத்தாவின் பைக்கில்தான் போனார்கள். வேறு எப்படிப் போவது? பழக்கத்தில் அவர் முன்னால் நகர்ந்து இடம் விட்டார். ரூபினா ஏறி உட்கார்ந்து, பையைத் தூக்கி இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"மேடு பள்ளமா இருக்கு. பிடிச்சிக்க ஆத்தா," என்றார் அவர்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய், பைக்கின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.